இருபத்திரண்டாம் நாற்காலியின் நேரக் கணக்கு

படிப்பகத்தில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுவது சுலபம். எழுந்து போகிறவர்களை எண்ணுவதுதான் தொல்லை பிடித்த வேலை. காலை எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு, பத்து மணிக்கும் அதே பக்கத்தில் இருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மின்விசிறியைப் பார்த்திருப்பீர்கள். நகத்தைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து ஆள் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறார் என்று எட்டிப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் வாசலோரம் ஒரு மேஜையில் ஒருவர் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தால், அவர் என்னைப் போன்ற ஓர் ஆள்தான்.

காரைக்காலில் கபூர் பாயின் மரச்சாமான் கடைக்கு மேலே, முதல் மாடியில் அவர் நடத்தும் படிப்பகத்துக்கு மூன்று வருஷம் ஏழு மாதமாக நான் பொறுப்பாளர். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். இங்கே வருவதற்கு முன் பதினோரு வருஷம் கீழவாஞ்சூரில் ஒரு லாரி ஒப்பந்தக்காரரிடம் இருந்தேன். நிலக்கரி லாரி துறைமுகத்துக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம், இரண்டையும் எழுதுவது என் வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு நிமிஷம் தப்பாக எழுதியதில்லை. அந்தப் பெருமையால் வந்த வினையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் வேறு சங்கதிகளும் வரும். ஆனால் எழுத உட்கார்ந்தது இருபத்திரண்டாம் நாற்காலிக்காக.

முப்பத்தாறு வில்லைகள்

எங்கள் படிப்பகத்தில் முப்பத்தாறு நாற்காலிகள். முப்பத்தாறு தகர வில்லைகள் வெட்டி, வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டு, கதவோரம் ஆணியில் மாட்டினேன். வருகிறவர் தன் எண் வில்லையை எடுத்துப்போய் மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுந்து போவதானால் வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தால் மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன். வந்த நேரம், எழுந்த நேரம், திரும்பிய நேரம், போன நேரம் என்று நான்கு கட்டங்கள். யாரையும் நான் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. பேசக் கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

முதல் வாரக் கடைசியில் பதிவேட்டைக் கபூர் பாயிடம் காட்டினேன். நாலு கோடும் நேராக இருந்தன, ஓர் அடித்தல் இல்லை. அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு பக்கம் புரட்டினார். பாராட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். பதிவேட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னது: "லாரிய எண்ணுன மாதிரியே எண்ணியிருக்கீங்கண்ணே. ஆனா சரக்கு ஏறுச்சா இல்லையான்னு எந்தக் கட்டத்துல பாக்குறது?"

கடைசித் தடவை

செந்தாமரை வந்தது தை அறுவடை முடிந்த கையோடு. விழிதியூரில் வாழ்க்கைப்பட்ட பெண். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். இரண்டு குழந்தைகள். அரசு எழுத்தர் தேர்வுக்குப் படிக்க வந்தார். கூட்டி வந்தவர் மாமனார் ரெத்தினசாமி. எனக்குப் பழைய சிநேகிதன், எட்டாவது வரை ஒன்றாகப் படித்தவன். அறுவடை முடிந்துவிட்டதால் குழந்தைகளைப் பகலில் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித்தான் மருமகளை அனுப்ப ஒத்துக்கொண்டிருக்கிறான். தினமும் பத்தரைக்கு மொபெட்டில் கொண்டுவந்து விடுவான், நாலரைக்கு வந்து அழைத்துப் போவான். ஆறு மணி நேரம்.

இருபத்திரண்டாம் எண் வில்லையைக் கொடுத்தேன். ஜன்னலோரத்து நாற்காலி. அந்தப் பெண் வில்லையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என்னிடம் சொன்னாரா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியாதபடி சொன்னார்: "ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாவது ஒழுங்கா உக்காந்துடணும்ங்க. அடுத்த தடவைக்கு எனக்கு வயசு தாண்டிரும். இதான் கடைசித் தடவ."

அசையாத ஆள்

ஒன்பதாம் நாற்காலியில் பட்டினச்சேரியிலிருந்து சுந்தர் என்று ஒருவர் வருவார். இருபத்தெட்டு வயது, காவலர் தேர்வு. எட்டு மணிக்கு வந்தால் மூன்று மணி வரை எழுந்திருக்க மாட்டார். தண்ணீர் கிடையாது, தேநீர் கிடையாது. இருபத்தாறு நாள் தொடர்ந்து அவர் வரிசையில் 'எழுந்த நேரம்' என்ற கட்டம் காலியாகவே இருந்தது. அந்தக் காலிக் கட்டங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோலம் பார்க்கிற மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் இருக்கும் பக்கத்தைக் கையால் காட்டுவேன். பேச மாட்டேன், காட்டுவதோடு சரி.

ஒரு நாள் அவர் தலைக்கு மேலே மின்விசிறி ஆடியது. அதைப் பார்க்கப் போனபோது புத்தகத்தில் நூற்றுப் பதினாலாம் பக்கம் விரிந்திருந்தது. அடுத்த நாளும் ஏதோ சாக்கில் போனேன். நூற்றுப் பதினாலு. மூன்றாம் நாளும் அதே நூற்றுப் பதினாலு. எனக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாகக் குனிந்து, "தம்பி, அந்தப் பக்கம் ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். "வீட்ல இருந்தா கடலுக்கு வர்றியாம்பாங்க. டீக்கடையில நின்னா எப்பப் பரீட்சைம்பாங்க. இங்கதான்ய்யா ஒருத்தரும் ஒண்ணும் கேக்காம இருந்தீங்க. இன்னிக்கு நீங்களும் கேட்டுட்டீங்க."

பலகை

அத்தோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாசி மாதம் ஒரு கரும்பலகை வாங்கி, 'இம்மாதம் மிகக் குறைவாக எழுந்தவர்கள்' என்று தலைப்புப் போட்டு, முப்பத்தாறு பேரையும் வரிசையாக எழுதி மாட்டினேன். முதலில் சுந்தர், பூஜ்யம். கடைசியில் செந்தாமரை, நாளொன்றுக்குப் பதினோரு தடவை. அவருக்கு முந்தைய ஆளுக்கு ஆறு தடவைதான். பலகை மாட்டிய அன்று அவர் வந்து மேலிருந்து கீழ்வரை படித்தார். தன் பெயர் வந்ததும் ஒரு கணம் நின்று, வில்லையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். இருபது நிமிஷத்தில் வழக்கம்போல வில்லை ஆணிக்கு வந்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு ரோஷமே கிடையாதா என்று நினைத்தேன்.

மற்றவர்களுக்கு ரோஷம் இருந்தது. எழுந்திருப்பது குறைந்தது. பத்தே நாளில் மொத்தத் தடவைகள் பாதிக்கும் கீழே வந்துவிட்டன. நான் அதையும் ஒரு மூலையில் எழுதி வைத்தேன். பன்னிரண்டாம் நாள், செவிலியர் தேர்வுக்குப் படிக்கிற பாத்திமா, ஏழாம் நாற்காலி, உட்கார்ந்த இடத்திலேயே மேஜையில் சாய்ந்துவிட்டது. முகத்தில் தண்ணீர் தெளித்து, கீழே கடையிலிருந்து சோடா வாங்கிக் கொடுத்தோம். என்னம்மா, காலையில் சாப்பிடவில்லையா என்று கேட்டேன். "சாப்புட்டேன்ய்யா. தண்ணிதான் குடிக்கல. தண்ணி குடிச்சா எந்திரிக்கணும். எந்திரிச்சா நீங்க எழுதுவீங்க."

பத்தொன்பது அழைப்புகள்

பலகையை அன்றே கழற்றிவிட்டேன். ஆனால் பதிவேட்டை விடவில்லை. அதில் யார் மயங்கி விழப்போகிறார்கள்?

இன்னொரு தொல்லை கைப்பேசி. உள்ளே வருகிறவர்கள் கைப்பேசியை என் மேஜை இழுப்பறையில் வைத்துவிட வேண்டும் என்பது கபூர் பாய் போட்ட விதி. சத்தத்தை நிறுத்தித்தான் வைப்பார்கள். ஆனால் முப்பது கைப்பேசிகள் ஒரு மர இழுப்பறைக்குள் அதிர்ந்தால் வண்டு புகுந்த மாதிரி ஒரு சத்தம் வரும். அது வந்தால் முப்பது தலையும் நிமிரும். ஒவ்வொருவருக்கும் அது தன்னுடையதுதான் என்று தோன்றும். பிறகு எல்லாத் தலையும் கீழே போகப் பத்து நிமிஷம் ஆகும். இழுப்பறைக்குள் பழைய கம்பளியை மடித்துப் போட்டேன், சத்தம் அடங்கியது. அப்போதும் அவ்வப்போது நிமிர்ந்து இழுப்பறையைப் பார்த்தார்கள். சத்தம் வராததும் அவர்களுக்குக் கவலையாக இருந்தது.

ஒரு நாள் பதினெட்டாம் நாற்காலிக்காரரின் கைப்பேசிக்குப் பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் பத்தொன்பது அழைப்புகள். ஆஸ்பத்திரிச் சமாசாரமாக இருக்குமோ என்று பயந்து, இருபதாவதை நானே எடுத்து, அவர் படித்துக்கொண்டிருக்கிறார், ஏதாவது அவசரமா என்று கேட்டேன். அவர் மனைவி. எடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அவசரம்லாம் ஒண்ணுமில்லீங்க. நாலு மாசமா படிப்பகம் போறேன் படிப்பகம் போறேன்னு சொல்லிட்டுப் போறாரு. நெசந்தானான்னு பாத்தேன். நீங்க சொன்னதால நம்புறேன்."

இதைக் கேட்டு அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சொன்னால் நம்புகிறார்கள்.

சிநேகிதன் கேட்டது

ரெத்தினசாமி மருமகளைக் கூட்டிப்போக வரும்போது கீழேயே மொபெட்டில் காத்திருப்பான். முழங்கால் வலி, படி ஏற மாட்டான். பங்குனி பிறந்து சில நாளில், ஒருநாள் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து மாடி ஏறிவிட்டான். இடுப்பில் சின்னப் பேத்தி. குழந்தைக்குக் காய்ச்சல், தூங்கிக்கொண்டிருந்தது. வயலில் உளுந்து காய்ந்து நெற்றுகள் வெடிக்க ஆரம்பித்துவிட்டன என்றும், பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்றும் சொன்னான். மூச்சு வாங்கினான். பிறகு, "என்னப்பா கலியபெருமா, நம்ம வீட்டுப் புள்ள ஒழுங்காப் படிக்குதா?" என்று கேட்டான்.

படிக்குது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். நான் பதிவேட்டைத் திறந்தேன். யாரும் கேட்காத கணக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கிறவனிடம் ஒருவர் வந்து கேட்டால் வேறென்ன செய்வான்? இருபத்திரண்டாம் எண்ணை விரலால் தொட்டுப் படித்தேன். "ஆறு மணி நேரம் இங்க இருக்கு. அதுல பதினோரு தடவ எழுந்து போவுது. மொத்தம் ஒரு மணி அம்பத்திரண்டு நிமிஷம்."

"எங்க போவுது?" என்றான்.

எங்கள் படிப்பகத்தில் கதவைத் தாண்டினால் படிக்கட்டு. கீழே போனால் தெரு, மேலே போனால் மொட்டை மாடி. என் மேஜையை அப்போது கதவுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தேன், ஆணிகள் தெரியும், படி தெரியாது. பெண்கள் எழுந்து போகும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை, பார்க்கவும் கூடாது என்று நினைக்கிறவன். அதனால் உண்மையைத்தான் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதுப்பா. நேரந்தான் எழுதறேன்."

அவன் ஆணிகளைப் பார்த்தான். இருபத்திரண்டாம் வில்லை அப்போதும் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷம் கழித்து செந்தாமரை கழுத்தெல்லாம் வியர்வையோடு வந்து, வில்லையை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். மாமனாரைப் பார்த்ததும் திகைத்து, அவசரமாகப் புத்தகங்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். ரெத்தினசாமி குழந்தையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். என்னைப் பார்க்காமல், பதிவேட்டைப் பார்த்துச் சொன்னான்: "காய்ச்சக்காரப் புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நான் வயலுக்கும் வீட்டுக்கும் அலையறேன். ரெண்டு மணி நேரம் எங்க போவுதுன்னே தெரியலங்கிற."

மறுநாள் இருபத்திரண்டாம் நாற்காலி காலி. தேர்வுக்கு அன்று முப்பத்தெட்டு நாள் இருந்தது. சாயங்காலம் வில்லைகளை எண்ணினேன், முப்பத்தைந்துதான் இருந்தன. அள்ளிப் போட்ட அவசரத்தில் புத்தகத்தோடு போய்விட்டது போலிருக்கிறது.

மேலே போகும் படிகள்

ஒன்பது நாள் கழித்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரைப் பார்க்கிற கடை ஆள் அன்று வரவில்லை. நானே ஏறினேன். பதினேழு படிகள். மேலே தகரக் கூரை போட்ட ஒரு மூலையில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பதால் நான் அந்தப் பக்கமே போவதில்லை. தொட்டிக் குழாயை மூடிவிட்டுத் திரும்பியபோது, கூரைக்குக் கீழே கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன். காற்றுக்காக ஓட்டை வைத்துக் கட்டிய சுவர். வரிசைக்குப் பதினாறாக நாலு வரிசை, அறுபத்து நாலு ஓட்டைகள். ஓட்டைக்கு ஒன்றாகக் காகிதச் சுருள்கள் செருகியிருந்தன.

ஒன்றை உருவிப் பிரித்தேன். நாள் கிழிக்கும் காலண்டரின் தாள். ஒரு பக்கம் தேதி, ராகு காலம். மறுபக்கம் பென்சிலில் கேள்விகள், அடியில் தலைகீழாகப் பதில்கள். இன்னொன்றில் வட்டி, சதவீதக் கணக்குகள். இன்னொன்றில் அரசியல் சட்டப் பிரிவுகள். ஒவ்வொரு சுருளிலும் ஓட்டையின் எண். எண்ணினேன். அறுபத்தொன்று. கடைசி மூன்று ஓட்டைகள் காலி. சுவரோரமாகத் தரையில் தூசி இல்லாமல் ஒரு தடம், ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை போயிருந்தது.

சாப்பாட்டு டப்பாவோடு பாத்திமா உட்கார்ந்திருந்தது. அது செந்தாமரை அக்காவோடது என்றது. கீழே உட்கார்ந்து படிப்பார்களாம், தூக்கம் வருவது போலிருந்தால் மேலே வந்து ஆறு ஓட்டைகளுக்கு நடந்துகொண்டே சொல்லிப் பார்த்துவிட்டு, பிசகினால் சுருளைப் பிரித்துப் பார்ப்பார்களாம். பத்து நிமிஷம். பிறகு இறங்கிவிடுவார்களாம். நான் அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். ஆறாறாகப் பதினோரு தடவை. ஒரு நாளைக்குச் சுவர் முழுவதும் ஒரு சுற்று. ஆறு மணி நேரத்தில் ஒரு மணி ஐம்பத்திரண்டைக் கழித்தால் நாலு மணி எட்டு நிமிஷம். நாலு மணி நேரமாவது உட்கார வேண்டும் என்று முதல் நாள் சொன்னவர், எட்டு நிமிஷம் கூடவே உட்கார்ந்திருக்கிறார். இத்தனை நாள் எழுதியவன் அந்தக் கழித்தலைச் செய்யவில்லை. "வெடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு எல்லா வேலையும் முடிச்சிட்டு வர்றவங்கய்யா, உக்காந்தா கண்ணு சொருகிடும்" என்றது பாத்திமா. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை: "உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு? நீங்கதான் எல்லாத்தையும் எழுதுவீங்களே!"

விழிதியூருக்கு மூன்றாம் தடவை

அன்றே பேருந்து ஏறியிருக்க வேண்டும். இருபத்தொன்பது நாள் மிச்சம் இருந்தது. எனக்கு ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, நான் தப்புச் செய்துவிட்டேன் என்று பேச்சை ஆரம்பிக்க வராது. ரெத்தினசாமியின் கைப்பேசி எண் என்னிடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பதிவேட்டின் முதல் பக்கத்தில், என் கையெழுத்திலேயே இருந்தது. இரண்டு தடவை பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை ஏறிவிட்டேன். அதற்குள் பதினோரு நாள் போய்விட்டது.

ரெத்தினசாமி வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தான். செந்தாமரை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு முறத்தோடு உள்ளே போய்விட்டார். முதல் வரிசைச் சுருள்கள் பதினாறை மட்டும் துணிப்பையில் கொண்டுபோயிருந்தேன். முதலில் அவற்றைத் தார்ப்பாயின் ஓரத்தில் வரிசையாக வைத்தேன். பிறகு பேசினேன். சுவரைப் பற்றி, ஓட்டைகளைப் பற்றி, ஆறாறாகப் பதினோரு தடவையைப் பற்றி. என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

அவன் ஒரு சுருளைப் பிரித்து முதலில் தேதிப் பக்கத்தைத்தான் பார்த்தான். "இது நம்ம வீட்டுக் காலண்டர் தாளுல்ல? நான் கிழிக்கப் போனா எப்பவும் கிழிஞ்சே இருக்கும். புள்ளைங்கதான் கிழிக்குதுங்கன்னு திட்டிக்கிட்டு இருந்தேன்." பிறகு மறுபக்கத்தைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். அவனும் எட்டாவதுதான், அந்தச் சட்டப் பிரிவுகள் அவனுக்கும் புரிந்திருக்காது. சுருளைப் பழைய மடிப்பிலேயே சுருட்டி என்னிடம் கொடுத்தான். "அது அன்னிக்கே சொல்லுச்சுப்பா, மாடியிலதான் நடந்து படிச்சேன்னு. நான்தான் நம்பல. உக்காந்து எழுதுற ஆளுக்கே தெரியலங்கிறப்ப, இது சொல்றத எப்படி நம்புறதுன்னு இருந்துட்டேன்."

மூன்று நாள் உட்கார்ந்தது

மறுநாளிலிருந்து செந்தாமரை வந்தார். பதினேழு நாள் இருந்தது. பதினாறு சுருள்களையும் எண் பார்த்து அதனதன் ஓட்டையில் முந்தின நாள் சாயங்காலமே செருகி வைத்திருந்தேன். காற்றில் ஒன்றிரண்டு விழுந்துகிடந்தன, அவற்றையும் எடுத்து வைத்தேன். அவர் மேலே போனதும் பார்த்துக்கொள்வார், நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

அவர் மேலே போகவே இல்லை. பத்தரைக்கு உட்கார்ந்தவர் நாலரை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தலை சரியும், திடுக்கிட்டு நிமிர்வார். கண்ணைத் தேய்த்துக்கொள்வார், மறுபடி சரியும். இரண்டாம் நாளும் அப்படியே. அவருக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, போங்கம்மா, மேலே போய் நடங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்திருக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுந்திருங்கள் என்று எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் முடிகிற நேரத்தில் பாத்திமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அது அந்த இடத்திலேயே, முப்பது பேர் தலை நிமிர, சத்தமாகவே சொல்லிவிட்டது: "அக்கா, ஐயா உங்க காயிதத்தெல்லாம் பழையபடி ஓட்டையில சொருகி வச்சிருக்காராம். இனிமே நீங்க எந்திரிச்சா எழுத மாட்டாராம். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருக்காம்."

நாலாம் நாளிலிருந்து அவர் மாடிக்குப் போனார். காலியாக இருந்த மூன்று ஓட்டைகளுக்கும் சுருள் வந்துவிட்டது என்று பாத்திமா சொன்னது. நான் போய்ப் பார்க்கவில்லை. மேஜையை மட்டும் திருப்பிப் போட்டேன். இப்போது கதவும் படியும் எனக்குத் தெரியும்.

வில்லை

தேர்வு முடிந்தது. முடிவு வர மாதங்கள் ஆயின. அதற்குள் சுவரில் மழை அடித்ததால், பாத்திமா அந்தச் சுருள்களையெல்லாம் எடுத்துப் பத்திரப்படுத்தியது. இப்போது அவற்றை வைத்து வேறு இரண்டு பேர் படிக்கிறார்கள். சுந்தர் தேர்வுக்குப் போகவே இல்லை, கடலுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. பாத்திமாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

செந்தாமரைக்கு இரண்டு மதிப்பெண் குறைந்துவிட்டது. முப்பத்தெட்டு நாளில் அவர் வராதது இருபத்தொன்று, வந்தும் தூக்கத்தோடு மல்லுக்கட்டியது மூன்று. இருபத்து நாலு நாளுக்கு இரண்டு மதிப்பெண் வந்திருக்குமா, வந்திருக்காதா? எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறேன். இதைப் போட எனக்குத் தெரியவில்லை. கபூர் பாயிடம் கேட்டேன். அவர் கடைக்குள் போய்விட்டார்.

போன வாரம் செந்தாமரை படியேறி வந்தார். கூடவே சின்ன மகள், இப்போது நன்றாக நடக்கிறது. குழந்தை கையில் இருபத்திரண்டாம் எண் வில்லை. "இது விளையாட எடுத்து வச்சிக்கிட்டுத் தரவே மாட்டேன்னுச்சுங்க. உங்க கணக்குல ஒண்ணு குறையுமேன்னுதான் கொண்டாந்தேன்" என்று சொல்லி, அவரே ஆணியில் மாட்டினார். முப்பத்தாறு. நான் எழுந்து நின்றேன். எத்தனையோ நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதியைச் சொன்னேன். என்னால்தான் அம்மா இப்படி ஆயிற்று என்ற இடம்வரைதான் வந்தேன். அவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதல் சொல்கிற மாதிரியே சொன்னார்: "அப்படியெல்லாம் நெனைக்காதீங்க மாமா. நீங்க பொய்யா ஒண்ணும் சொல்லலியே. இருந்ததத்தானே சொன்னீங்க."

இப்போது என் பதிவேட்டில் வந்த நேரமும் போன நேரமும் மட்டும்தான். நடுவில் நடப்பது எனக்குத் தெரியாது என்பதைத் தெரிந்துகொள்ள மொத்தம் இருபத்து நாலு நாள் ஆனது. அதில் ஒரு நாள்கூட என்னுடையது இல்லை.